ஒருத்தருக்குத் தாங்கும்

பெர்க்மான்ஸின் குறட்டை படுக்கையறை ஜன்னலைத் தாண்டி போர்ட்டிகோ வரை வந்து சேர்ந்த பிறகுதான் ஜெசிந்தா தரையில் உட்கார்ந்தாள். சனிக்கிழமை மத்தியானத் தூக்கம். அதோடு வஞ்சிர மீன் குழம்பும் சேர்ந்துகொண்டால் டீ நேரம் வரைக்கும் புருஷனை அந்தோணியாரே வந்து உலுக்கினாலும் அசைக்க முடியாது. அதற்குள் பார்த்துவிட வேண்டும். நாளை விடிகாலைப் பயணத்துக்காக அவரே பைக்கைத் துடைத்துப் பளபளப்பாக்கி, சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருந்தார். பின்சக்கரம் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. கறுப்பு நிறம், நீள உடம்பு, தாழ்ந்த வயிறு, அணைக்க வருகிற மாதிரி அகல விரிந்த ஹேண்டில்பார். க்ரூஸர் என்று பெயராம். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த மனுஷன் வாசலில் எருமை வாங்கிக் கட்டியிருக்கிறார் என்று வந்த புதிதில் தங்கையிடம் போனில் சொல்லிச் சிரித்தவள் அவள்தான். இப்போது அந்த எருமையின் பின்னால் நைட்டியைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு கையில் ஸ்பானரும் இன்னொரு கையில் தையல் சாக்கட்டியுமாகச் சம்மணம் போட்டிருப்பதை எதிர்வீட்டு மாடியிலிருந்து யாராவது பார்த்தால் பார்க்கட்டும். ஆடுவது சக்கரமா, தான்தானா? இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும். சக்கரம் என்றால் சரிசெய்துகொண்டு நாளைக்கு அவளும் அவரோடு தரங்கம்பாடிக்குப் போகலாம். தான்தான் என்றால், அதற்கு மேல் யோசிக்கப் பிடிக்காமல் டயரை உள்ளங்கையால் ஒரு தள்ளுத் தள்ளினாள்.

சக்கரம் சுற்றியது. செயின் சளசளத்தது. ஸ்போக் கம்பிகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து வெள்ளிப் புகையாகின. சுற்றும்போது பார்த்தால் எல்லாச் சக்கரமும் நல்ல சக்கரம்தான், கல்யாண ஆல்பத்தில் எல்லாப் புருஷனும் நல்ல புருஷன் மாதிரி. அன்றைக்கும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பூண்டி மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பும் வழி. வல்லம் தாண்டி ரோடு விரிந்ததும் அவர் கொஞ்சம் முறுக்கினார், உடனே அவளுடைய இடுப்புக்குக் கீழே என்னமோ வழுக்கியது. சேறோ என்று நினைத்தாள். மழையே இல்லை, எங்கிருந்து சேறு? வண்டியின் பின்பக்கம் மட்டும் இடமும் வலமுமாக, முதலில் தொட்டில் ஆட்டுகிற மாதிரி இதமாக, அப்புறம் தொட்டிலைப் பிடுங்கி எறிகிற மாதிரி. லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே ஒட்டிக் கடந்தது. அதன் பக்கப்பலகையில் எழுதியிருந்த ஊர்ப்பெயர் அவளுடைய முட்டிக்குப் பக்கத்தில் எழுத்தெழுத்தாக ஓடியது. படிக்க முடியவில்லை. ஏன் படிக்கப் பார்த்தாள்? சாகப் போகிற நேரத்தில் எந்த ஊர் லாரி என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? அவர் பிரேக்கைத் தொடாமல் முறுக்கை மட்டும் மெல்லத் தளர்த்தி ஓரம் கட்டினார், அதில் கெட்டிக்காரர்தான். இறங்கியதும் துப்பட்டாவை இழுத்துச் சுற்றிக்கொண்டாள். பயந்துட்டியா என்று கேட்பார் என்று நினைத்தாள். அவர் கேட்டது, "எதுக்கு ஜெசி ஆடுறே?" நான் எங்கங்க ஆடினேன், மூச்சுகூட விடலையே என்றதற்கு, பின்னாடி ஆடினா முன்னாடி இருக்கிறவனுக்குத் தெரியாதா என்றார். அவள் மூச்சுவிடாமல் இருந்தது நிஜம். ஆனால் மூச்சை விடாமல் இருந்தவள் ஆடாமலும் இருந்தாளா? அது எப்படித் தெரியும்? தன் உடம்பு என்ன செய்கிறது என்று அவளுக்கு எப்போது தெரிந்திருக்கிறது? அது பாட்டுக்கு ஊதுகிறது, வியர்க்கிறது, ராத்திரியில் கொதிக்கிறது.

மறுநாள் அவர் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். வெண்ணெயில கத்தி எறங்குற மாதிரி போகுது ஜெசி, ஒரு அசைவு இல்ல. தனியாப் போனா வெண்ணெய். அந்த வார்த்தை அன்றிலிருந்து அவளை விடவில்லை. காய் நறுக்கும்போது வெண்ணெய், துணி காயப்போடும்போது வெண்ணெய், பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போதும், ஆண்டவரே மன்னியும், வெண்ணெய். அவருடைய வாட்ஸப் குழுவில் வேறு இதைப் போட்டுவிட்டார். காவேரிக் கரை ரைடர்ஸ் என்று பெயர். நாளைக்குத் தரங்கம்பாடி போவதும் இந்தக் கூட்டத்தோடுதான். திருச்சி வெயிலில் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வெந்துபோகிற நரைத்த தலைகள். பல் டாக்டர் ஒருத்தர் டயரில் காற்று குறைச்சல் என்றார், கிரானைட் கடைக்காரர் பேரிங் என்றார், ஒவ்வொருத்தரும் பார்க்காத நோயாளிக்கு மருந்து எழுதினார்கள். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான், 'சார், பேக் சீட் லோடைக் கொஞ்சம் குறைங்க' என்று எழுதி, கீழே வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகளை வைத்திருந்தான். இட்லி சாப்பிட்டுக்கொண்டே அதை வாய்விட்டு வாசித்தார் பெர்க்மான்ஸ். அவளும் சிரித்தாள். அதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அவர் சிரித்தது கூட இல்லை, தான் எதற்குச் சிரித்தோம் என்பதுதான். தெருவில் குப்பை வண்டிக்காரன் முதல் பங்குச் சாமியார் வரைக்கும் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுக்கிறவள், அன்றைக்குச் சட்னிக் கரண்டியோடு நின்று பல்லைக் காட்டியிருக்கிறாள். லோடு. மூட்டை. அப்புறம் நேற்று, ரொம்பக் கரிசனமாக, "நாளன்னிக்கு நீ வேண்டாம் ஜெசி. உனக்குத்தான் ரிஸ்க். அடுத்த தடவை பாத்துக்கலாம்." அடுத்த தடவை என்கிற ஊருக்கு இதுவரைக்கும் எந்தப் புருஷனும் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போனதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

சக்கரம் ஓய்ந்து நின்றது. முதலில் பேரிங். டயரை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும், உள்ளே கடகடத்தால் பேரிங் போய்விட்டது என்று போனில் தேடிப் பார்த்த வீடியோவில் ஒரு மனுஷன் சொன்னான். மொட்டைத் தலை, எந்த தேசமோ, வாயில் வெந்நீர் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு இங்கிலீஷ். கான்வென்ட்டில் பிரம்படி வாங்கிப் படித்த இங்கிலீஷுக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்த முதல் உத்தியோகம் இது. ஆட்டிப் பார்த்தாள். கடகடக்கவில்லை. நல்லதா கெட்டதா? சக்கரத்தில் கோளாறு இல்லாமல் போகப் போக, கோளாறு தன் பக்கம் நகர்ந்து வருகிற மாதிரி இருந்தது. டயரை அழுத்தினாள், கல் மாதிரி இருந்தது. காற்றும் இருக்கிறது. கோளாறு இன்னும் ஒரு அடி நகர்ந்து வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்தாள். நைட்டிக்குள் அது ஒரு கை நிறைய வந்தது. ப்ரீடா பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிறது, மகள் வளர்ந்து ஹைதராபாத் போய்விட்டாள், இது போகவில்லை. சரி, சாக்கட்டி. சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையில் மணிக்கட்டை அசையாமல் வைத்து, சாக்கட்டி முனையை ரிம்முக்கு மயிரிழை தள்ளிப் பிடித்து, மறுகையால் மெல்லச் சுற்றினாள். சக்கரம் நேராக இருந்தால் சாக்கட்டி எங்கேயும் படாது, இல்லை எங்கேயும் ஒரே மாதிரி படும். கோணியிருந்தால் கோணின இடத்தில் மட்டும் வந்து முத்தம் கொடுத்துவிட்டுப் போகும். கொடுத்தது. சர்ரென்று ஒரு சின்னச் சத்தம், அப்புறம் மௌனம், ஒரு சுற்று, மறுபடியும் அதே இடத்தில் சர். நிறுத்திப் பார்த்தாள். பளபளத்த ரிம்மில் ஒரு பக்கத்தில் மட்டும், பிறை நிலா மாதிரி, ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. கை நடுங்கியிருக்குமோ? மறுபடி சுற்றினாள். அதே பிறை, அதே இடம்.

இதற்கு இவ்வளவு ஆசைப்படுவானேன்? தரங்கம்பாடியில் என்ன இருக்கிறது, ஒரு கோட்டை, கொஞ்சம் கடல். கடல் பார்க்க வேண்டுமென்றால் ஏசி பஸ் இருக்கிறது, மகளிர் சங்கத்தோடு வேளாங்கண்ணிக்குப் போய்ச் சுண்டல் தின்றுவிட்டு வரலாம். கடலுக்காக இல்லை. வீட்டுக்குள் அவரும் அவளும் பேசுவதைப் பதிவு செய்து போட்டால் யாரோ இரண்டு வாட்ச்மேன்கள் பேசுகிற மாதிரி இருக்கும். மோட்டாரை அமத்தியாச்சா, பிரஷர் மாத்திரை போட்டாச்சா, கேஸ்காரன் வந்தானா. இரண்டு பேருமே நல்ல வாட்ச்மேன்கள், ஒரு திருட்டு நடந்ததில்லை. ஆனால் வண்டி டோல்கேட்டைத் தாண்டி வேகம் பிடித்ததும் காற்று வந்து காதை அடைத்துக்கொள்ளும். அவள் என்ன சொன்னாலும் அவருக்குக் கேட்காது. அங்கேதான், அவருடைய முதுகுக்குப் பின்னால், அவளுக்கு வாய் திறக்கும். வேறு வாய். வீட்டில் இருக்கிற வாய் இல்லை. இன்னிக்கு நீங்க ஷேவ் பண்ணினது நல்லாருக்கு என்பாள். உங்கம்மா செத்தன்னிக்கு நீங்க பாத்ரூம்ல போய் அழுதது எனக்குத் தெரியும் என்பாள். எனக்குப் பயமா இருக்கு, யார் முதல்ல போவோம்னு நினைச்சா பயமா இருக்கு என்பாள். "ஹா?" என்று பாதித் தலையைத் திருப்புவார். "ஒண்ணுமில்லே, ரோட்டைப் பாருங்க" என்பாள். அவர் பாடவும் செய்வார், தான் பாடுவது யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. கேட்காதுதான். ஆனால் முதுகில் கன்னத்தை வைத்தால் பாட்டு எலும்பு வழியாக வரும், சுருதி சேராமல், குமுகுமுவென்று. வேறு யார் அப்படிப் பாடினாலும் அவளால் தாங்க முடியாது. அந்த முதுகை விட்டால் அவரைத் தொடுவதற்கு வேறு என்ன காரணம் மிச்சம் இருக்கிறது? இந்த வயசில் காரணம் இல்லாமல் தொட்டால், உடம்பு சரியில்லையா என்று கேட்பார். பின் சீட்டில் பிடித்துக்கொள்வது சட்டம், பாதுகாப்பு, யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

சுருதி. ஆமாம், மொட்டைத் தலையன் கடைசியாகச் சொன்னது அதுதான். ஒவ்வொரு ஸ்போக்காக ஸ்பானரால் தட்டு, இறுக்கமான கம்பி மணி மாதிரி ஒலிக்கும், தளர்ந்த கம்பி ஊமையாகிவிடும். இதற்கு வீடியோ வேண்டியதில்லை அவளுக்கு. பள்ளிக்கூடப் பாடகர் குழுவில் சிஸ்டர் பெனடிக்டா அவளைப் பாடவிட்டதே இல்லை. "யூ ஜஸ்ட் மூவ் யுவர் லிப்ஸ்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டது அந்தம்மா. ஜெசிந்தாவுக்குக் குரல் தகரம், காது தங்கம். அதனால் நடு வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொல்லி, எந்தப் பெண் சுருதி விலகுகிறாள் என்று கண்ணால் காட்டச் சொல்லும். வருஷம் முழுக்க வாயசைத்து, வருஷம் முழுக்கக் காட்டிக்கொடுத்து, ஒரு தோழிகூட மிஞ்சவில்லை. டயரில் காற்று நிரப்புகிற மூக்குக்குப் பக்கத்துக் கம்பியில் ஆரம்பித்தாள். தட்டினாள். டிங். அடுத்தது, டிங். அடுத்தது அரைச்சுருதி மேலே, பரவாயில்லை, ஆனாலும் உயிர் இருக்கிறது. டிங், டிங். உள்ளே குறட்டை ஒரு கணம் நின்றது, ஸ்பானரை மடியில் ஒளித்துக்கொண்டாள், மறுபடி தொடங்கியது. டிங். சாக்கட்டிப் பிறை கிட்டே வந்தது. தட்டினாள். டொப். கீறல் விழுந்த கோப்பையைத் தட்டின மாதிரி. அடுத்தது நன்றாக ஒலித்தது, அதற்கடுத்தது டொப். விரலால் இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து நசுக்கினாள். தாலிக்கொடி மாதிரி வளைந்து கொடுத்தன. அந்த ஒரு பக்கம் முழுக்க, ஒன்று விட்டு ஒன்று, செத்துக் கிடந்தன.

அப்படியானால் அவள் இல்லை. அவள் ஆடவில்லை. கண் ஏன் இப்படிக் கொட்டுகிறது, அசிங்கம், நைட்டிக் கையால் துடைத்ததில் சாக்கட்டிப்பொடி கன்னமெல்லாம் ஆகியிருக்கும். அவர் தனியாகப் போகும்போது பின்சக்கரத்தில் அவ்வளவு பாரம் கிடையாது, தளர்ந்த கம்பிகள் சும்மா தொங்கிக்கொண்டு கூடவே போய்விடும். அவள் ஏறி உட்கார்ந்தால்தான் சக்கரத்தின் யோக்கியதை வெளியே வரும். லோடாம் லோடு! டீ போடும்போது எப்படிச் சொல்லலாம்? சும்மா, சர்க்கரை போட்டுக்கொண்டே, உங்க எருமைக்குக் கால்ல வாதம்ங்க என்று. இல்லை, குழுவில் போடச் சொல்ல வேண்டும். பல் டாக்டர் முதல் அந்தச் சிரிப்பு மூஞ்சிக்காரன் வரைக்கும் படிக்கட்டும். நீலச் சுடிதாரை இஸ்திரி போட வேண்டும், புளிசாதம் கட்டிக்கொண்டால் வழியில் அணைக்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம், ஆனால் அணைக்கரை அந்த வழியிலா இருக்கிறது? ஊமைக் கம்பிகளைச் சாக்கட்டியால் அடையாளம் வைத்துவிடலாம் என்று குனிந்தாள். கம்பி ரிம்மோடு சேருகிற இடத்தில், துடைத்த துணி எட்டாத மடிப்பில், மஞ்சளாக ஏதோ இருந்தது. நகத்தால் சுரண்டினாள். பெயிண்ட். பொட்டு வைத்த மாதிரி ஒரு துளி. அடுத்த கம்பியில் இல்லை. அடுத்த ஊமையில் இருந்தது. ஒலிக்கிற கம்பி ஒன்றில்கூட இல்லை. ஊமை ஒவ்வொன்றிலும் இருந்தது. அவளுக்கு முன்னால் யாரோ இங்கே உட்கார்ந்து, தட்டிக் கேட்டு, பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

போன வாரம் அவர் மெக்கானிக் அன்சாரி கடைக்குப் போனார். சும்மா ஆயில் பார்த்துட்டு வந்தேன் என்றார். அன்சாரியின் நம்பர் அவளிடமும் இருக்கிறது, அவளுடைய ஸ்கூட்டிக்கும் அவன்தான். கொல்லைப்பக்கம் போய் நின்று அழுத்தினாள். "ஆமாக்கா, நான்தான் மார்க் பண்ணேன். ஸ்போக்கெல்லாம் லூசு, வீல் கோட்டம் எடுக்கணும்னேன். கொஞ்ச நேர வேலைதான்க்கா, உக்காருங்க சார்னேன். சார்தான், தரங்கம்பாடி போய்ட்டு வந்து பாத்துக்கலாம்னுட்டாரு. ஒருத்தருக்குத் தாங்கும், பின்னாடி மட்டும் ஆள் ஏத்தாதீங்கன்னு சொல்லித்தான் அனுப்புனேன். ஏன்க்கா, சார் சொல்லலியா?" சொன்னார், சொன்னார், நான்தான் மறந்துட்டேன்ப்பா என்று போனை வைத்தாள். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள். ஒருத்தருக்குத் தாங்கும். அது தெரிந்துதான் வைத்துக்கொண்டிருக்கிறார். ஒருத்தருக்கு மட்டும் தாங்குகிற சக்கரத்தை, ரிப்பேர் ஆகிவிடாமல், பொத்திப் பொத்தி. வேறு யாராவது இருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்து நின்றது, உடனே அவளுக்கே சிரிப்பு வந்தது, பின்னாடி ஆள் ஏற்ற முடியாத வண்டியில் எவளை ஏற்றுவது. அப்படி ஒருத்தி இருந்தால்கூடத் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போடலாம். யாரும் வேண்டாம் என்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? யாரும் என்றால் அவள். காலியான இடத்தின் பேரில் யாராவது பொறாமைப்படுவார்களா? அவள் பட்டாள். அவர் முதுகுக்குப் பின்னால் நாளைக்குத் தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் என்று கூடவே போகப் போகிற அந்த வெற்றுக் காற்றின் பேரில் வயிறு எரியப் பொறாமைப்பட்டாள்.

டீ போட்டாள். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு போர்ட்டிகோவுக்கு வந்து, ரிம்மில் இருந்த ரோஸ் கோட்டையும் தரையில் கிடந்த ஸ்பானரையும் பார்த்தார். டம்ளரை வாங்கிக்கொண்டார். ஊதினார்.

"அன்சாரிகிட்டப் பேசினேன்."

"ம்."

"ஒருத்தருக்குத் தாங்குமாம்."

"சொல்லணும்னுதான் இருந்தேன் ஜெசி."

"என்னன்னு? லோடுன்னா?"

"அது அவனுங்க எழுதினது."

"இட்லியைத் தின்னுக்கிட்டே வாசிச்சது யாரு? அவனுங்களா?"

அவர் டீயைக் குடிக்காமல் பைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். காதோரம் தலையணைக் கோடு பதிந்திருந்தது. "தனியா ஒரு நாள் போகணும்போல இருந்துச்சு. அவ்வளவுதான். உன்மேல ஒண்ணும் இல்ல. நிறுத்தணும்னா நிறுத்தி, வேணாம்னா நிறுத்தாம. அவனுங்களோடகூட இல்ல, நடுவுல எங்கயாவது பிரிஞ்சு போயிடலாம்னு இருந்தேன். எங்கன்னு எனக்கே தெரியாது."

"அதை வாயைத் திறந்து கேக்குறதுக்கு என்ன?"

"கேட்டா நீ ஏதாவது சொல்லுவே."

சொல்லியிருப்பாள். இப்போதுகூட நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன, ஒன்றைவிட ஒன்று கூராக. இந்த நாக்குக்குப் பயந்துகொண்டு ஒரு மனுஷன் கோணல் சக்கரத்தில் கும்பகோணம் போகத் துணிந்திருக்கிறான். அவளுக்கு அவருடைய முதுகு வேண்டியிருந்தது, அவருக்கு முதுகுக்குப் பின்னால் யாரும் வேண்டாம் என்றிருந்தது. இதில் யாரை என்ன திட்டுவது? இரண்டு ஆசையும் ஒரே சீட்டில்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

"தனியாவே போங்க," என்றாள். குரல் தகரமாக வந்தது. "ஆனா இப்பவே அன்சாரிகிட்டப் போய்க் கோட்டம் எடுத்துட்டு வாங்க. ரெண்டு பேருக்குத் தாங்குற சக்கரத்துல தனியாப் போங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"இப்பவேவா?"

"கடையைச் சாத்திடுவான். டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

அவர் அவளை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார், கடைக் கண்ணாடியில் தெரிகிற பொருளை உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று யோசிக்கிற மாதிரி. "மூஞ்சியெல்லாம் என்ன ரோஸா இருக்கு?" என்றார். "பவுடர்," என்றாள். டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போனார். சட்டை மாற்றிக்கொண்டு வரும்போது கையில் ஹெல்மெட் இருந்தது. இரண்டு ஹெல்மெட். கறுப்பை மாட்டிக்கொண்டு, அவளுடைய சிவப்பைப் பின் சீட்டுப் பக்கத்துக் கொக்கியில் தொங்கவிட்டார். வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளி இறக்கினார். எப்போதும் இரண்டையும் சேர்த்தே எடுக்கிற கை, இன்றைக்கும் எடுத்துவிட்டதா, இல்லை, வேண்டுமென்றே எடுத்தாரா? மெக்கானிக் கடைக்கு எதற்கு அது? கேட்டால் தெரிந்துவிடும். ஒரே ஒரு வார்த்தை. வாழ்க்கையில் எதையும் கேட்காமல் விட்டதில்லை அவள். இன்ஜின் உறுமியது, தெருநாய் எழுந்து நகர்ந்தது, அவர் கேட்டைத் தாண்டி ஒரு காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவாப் போங்க," என்று மட்டும் சொன்னாள்.